மூன்று பிடி மண்

பதினொன்றரை மணிக்கு யசிந்தாவின் கைகள் அங்கோலாவுக்குப் போகும்.

உடம்பு கிளிநொச்சியில் இருக்கும். பழைய கூட்டுறவு நெற்களஞ்சியத்தில் எட்டுக் கதிரைகள். மூன்றாவது அவளுடையது. கையுறைகளைப் போட்டு முழங்கைப் பட்டியை இறுக்கியதும் விரல் நுனிகளில் வேறொரு நாட்டின் குளிர் ஏறும். அங்கே அப்போது காலை ஏழு மணி. மண்ணில் இரவின் ஈரம் காய்ந்திருக்காது.

முதல் அரை நிமிடம் சரிபார்ப்பு. அங்கே டொமிங்காஸும் கையுறை போட்டிருப்பாள். இருவரும் உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து அழுத்த வேண்டும். அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். டொமிங்காஸின் வலது மோதிர விரல் பாதியில் முடிந்துவிடும். மூன்று வருடமாக யசிந்தா தினமும் தொடும் கை அது ஒன்றுதான். ஆளை நேரில் கண்டதில்லை.

பிறகு இருவரும் வேலைக்குப் பிரிவார்கள். யசிந்தாவின் கைகள் கலுந்தா என்ற ஊரில் நிற்கும் பொறிக்குள் போகும். ஆறு கால், இரண்டு கை, முதுகில் ஒரு கமெரா. பெண்கள் அதை நண்டு என்றார்கள். டொமிங்காஸின் கைகள் வெள்ளைக்கண்டலில் நிற்கும் நண்டுக்குள் வரும்.

வெள்ளைக்கண்டல் யசிந்தாவின் ஊர். கலுந்தா டொமிங்காஸின் ஊர்.

அது விதி. தன் மண்ணில் யாரும் கை வைக்கக்கூடாது.

விதி வந்ததற்குக் காரணம் இரண்டாவது கதிரையில் இருக்கும் சுபோதினி. நண்டுகள் வருவதற்கு முன்பு பெண்கள் மண்ணில் குந்தியிருந்துதான் மிதிவெடி எடுத்தார்கள். சுபோ கெட்டிக்காரி. நாலு வருடத்தில் முந்நூறுக்கு மேல் எடுத்தவள். ஒருநாள் அவளைத் தாயின் வளவிலேயே விட்டார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு பித்தளைச் செம்பின் விளிம்பு தெரிந்தது. தாயின் செம்பு. குச்சியால் தட்டிப் பார்க்காமல் எழுந்து இரண்டடி வைத்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

“செம்பு கிடைச்சுதே?” என்று யாராவது கேட்டால், “கிடைச்சது. கால் வைச்சுக் கழுவத்தான் கால் இல்லை” என்பாள் சுபோ.

அங்கோலாவிலும் அப்படி இரண்டு பேர். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு மாநாட்டின் மத்தியானச் சாப்பாட்டு வரிசையில், இங்குள்ள பெண்கள் சங்கத்தின் செயலாளர் கமலோதினி மிஸ்ஸும் அங்கோலாப் பெண்கள் சங்கத்துத் தலைவியும் தற்செயலாக ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். தட்டு நிறைவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். உங்கள் மண்ணை நாங்கள் எடுக்கிறோம். எங்கள் மண்ணை நீங்கள் எடுங்கள். தெரியாத செம்பைக் கண்டு யாரும் எழுந்து ஓடமாட்டார்கள். தூரத்துக் கைகள் அப்போது புதிதாக வந்திருந்தன. பணம் பிறகு வந்தது.

பேச்சை இயந்திரம் மாற்றித் தரும். முதல் மாதம் அது வானொலிச் செய்தி வாசிப்பவர்போல் பேசியது. சுபோ பொறுக்கவில்லை. உது கதைச்சால் எழும்பி நிற்கவேணும் போல இருக்கு என்றாள். ஒரு கிழமை எல்லோரும் இருந்து அதைக் கதைக்கப் பழக்கினார்கள். இப்போது டொமிங்காஸ் வன்னிக்காரி மாதிரிக் கதைத்தாள். அங்கே யசிந்தா எந்த ஊர்க்காரி மாதிரிக் கதைத்தாள் என்பது இவர்களுக்குத் தெரியாது. பேச்சைப் பதிந்து வைக்கக்கூடாது என்று இரண்டு சங்கங்களும் முதலிலேயே எழுதி வாங்கியிருந்தன. கை தொட்டதெல்லாம் பதிவாகும். வாய் சொன்னது போய்விடும்.

சில சொற்களுக்கு இயந்திரம் தேவைப்படவில்லை. பாண். சாவி. ஜன்னல். அலுமாரி. சப்பாத்து. ஒரே பறங்கிக் கப்பல்காரர்கள் இரண்டு கரையிலும் விட்டுப்போனவை.

“எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு அலுமாரியைத் தந்துட்டுப் போயிருக்கிறாங்கள்” என்றாள் டொமிங்காஸ். “வைக்கிறதுக்கு எங்களிட்ட என்ன இருக்கு எண்டு ஒருத்தனும் யோசிக்கேல்ல.”

அந்தச் செவ்வாய்க்கிழமை பச்சை விளக்கு எரிந்த பிறகும் டொமிங்காஸ் கையை எடுக்கவில்லை. இன்னும் அரை நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு விட்டாள். 

வெள்ளைக்கண்டல் முடிந்துவிட்டதுதான் காரணம் என்று யசிந்தா நினைத்தாள். முதல்நாள் பின்னேரம் கடைசி வெள்ளைத் தடியை ஊன்றியிருந்தார்கள்.

*

தடிகளில் இரண்டு நிறம். வெள்ளை என்றால் மண் சுத்தம், நடக்கலாம். சிவப்பு என்றால் நில். மிதிவெடிக்குச் சிவப்பு ஊன்றுவார்கள். எடுத்த பிறகு வெள்ளையாக மாற்றுவார்கள்.

எலும்புக்கும் சிவப்புத்தான். அதை யாரும் மாற்றுவதில்லை.

வெள்ளைக்கண்டலுக்குப் பக்கத்தில் பனிச்சையடி. அங்கே ஒரு தாடையெலும்பு அகப்பட்டது. விதிப்படி வேலையை நிறுத்தினார்கள். நாடா கட்டினார்கள். வழக்கு வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள், போனார்கள், வேறு நிபுணர்கள் வந்தார்கள். ஒன்பது வருடத்தில் நாற்பத்தாறு பெட்டிகள் நிரம்பின. ஒன்றுக்கும் பெயர் வரவில்லை. பனிச்சையடிச் சனம் தெருவோரத்தில் கொட்டில் போட்டுக் காணியைக் கேட்டுக்கொண்டு இருந்தது. யசிந்தா கிழமைக்கு இரண்டுமுறை அவர்களுக்குச் சோறு கொண்டுபோனாள். கொட்டிலிலேயே ஐந்துபேர் செத்தார்கள். அவர்களைப் பனிச்சையடியில் புதைக்கவும் விடவில்லை.

சுபோவுக்கு இதில் வேறு எண்ணம்.

“பெட்டியாவது இருக்குதெல்லோ” என்றாள் ஒருமுறை, தேத்தண்ணி நேரத்தில். “எனக்கெண்டால் அம்மாவின்ர ஒரு பல்லுக் கிடைச்சாலும் காணும். காணியை ஆரும் கொண்டு போகட்டும்.”

யசிந்தா அதைக் கேட்டுக்கொண்டு இருந்தாள். அப்போது அவள் கலுந்தாவில் இரண்டு எலும்புக் குழிகளை மூடியிருந்தாள்.

முதலாவது போன வருடம், மாசி மாதம். உலோகச் சமிக்ஞை வந்த இடத்தில்தான் தோண்டுவார்கள். எலும்பு தானாக அகப்படாது. பக்கத்தில் உலோகம் ஏதாவது இருந்தால் அகப்படும். அநேகமாக இருந்தது.

பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிக்கொண்டு போனபோது விரலில் அது தட்டியது. கல் விரலை வழுக்கும். வேர் விரலுக்கு வளைந்து கொடுக்கும். இது இரண்டும் செய்யவில்லை. ஈரமான நாக்குப்போல விரல் நுனியை இலேசாகப் பிடித்தது. கமெரா மேலேயிருந்து மண்ணையும் நண்டின் கையையும்தான் பார்த்தது.

அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். நாடாவுக்கு வெளியே கலுந்தாப் பெண்கள் நின்றார்கள். தினமும் காலையில் வந்து நிற்பார்கள். தோளில் மண்வெட்டி. இடுப்பில் மரவள்ளித் தடிகளின் கட்டு. மழை தொடங்கமுன் நடவேண்டும். ஒருத்தி தன் கட்டைத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யசிந்தா மண்ணைத் திரும்பத் தள்ளினாள். தோட்டாத் துண்டை மட்டும் எடுத்துப் பையில் போட்டாள். குழியை நிரவிய பிறகு அவளுடைய கை நின்றது. வெள்ளைக்கண்டலில் சவக்காலைக்குப் போகிறவர்கள் குழி மூடும்போது மூன்று பிடி மண் போடுவார்கள். உறவுக்காரர் மட்டுமல்ல, தெருவால் போகிறவன் வந்து நின்றாலும் போடுவான். அவள் நண்டின் கையால் மூன்று பிடி எடுத்துப் போட்டாள். ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் உள்ளங்கையால் ஒருமுறை தட்டினாள்.

பதிவில் வேர் என்று எழுதினாள். வெள்ளைத் தடி ஊன்றினாள்.

மொத்தம் பதினொன்று. பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் தெருவோரக் கொட்டிலுக்குப் போகவில்லை. நட்டார்கள். அடுத்த வருடம் திரையில் மரவள்ளி அவளுடைய நண்டைவிட உயரமாக நின்றது.

நாலாவதில் ஒரு சப்பாத்து இருந்தது. பெரியது. தோல் மண்ணாகிவிட்டது. அடிப்பக்கம் மோட்டார் டயரில் வெட்டித் தைத்தது. டயரின் வரிகள் விரலுக்கு அப்படியே தெரிந்தன. உள்ளே இருந்த கம்பிதான் சமிக்ஞை தந்தது. ஆனால் அதற்குள் இருந்த கால் சின்னது.

அதையும் மூடினாள்.

பிறகு, இரண்டு மாதங்களுக்கு முன், டொமிங்காஸ் ஓய்வு நேரத்தில் ஒரு கதை சொன்னாள். ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் ஓய்வு. அந்தப் பத்து நிமிடத்தில்தான் மூன்று வருடத்துக் கதையும் நடந்தது. சண்டைக் காலத்தில் அவளுடைய தாய் ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள், திரும்பவில்லை. இது யசிந்தாவுக்கு முன்பே தெரியும். அன்று ஒன்று கூடச் சொன்னாள். அம்மாவுக்குச் செருப்பு இல்லை, அப்பாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனவள். நடக்கும்போது டப்பு டப்பு என்று கேட்கும். டயர் அடி.

சப்பாத்து என்ற சொல்லை யசிந்தா இயந்திரத்துக்கு முன்பே விளங்கிக்கொண்டாள்.

ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். கலுந்தாவில் டயர் சப்பாத்துப் போட்டவர்கள் நூறுபேர் இருந்திருப்பார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஓய்வு முடிந்த மணி அடித்தது. கையுறையை இறுக்கிக்கொண்டாள்.

*

புதன்கிழமை கமலோதினி மிஸ் ஏற்புப் பத்திரத்தைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

ஒரு நிலம் முடிந்ததும் அந்த ஊர்க்காரி ஒருத்தி பதிவைத் தொட்டுப் பார்த்து ஒப்பமிட வேண்டும். கையுறையைப் போட்டால், தோண்டிய கை தொட்டதெல்லாம் திரும்ப வரும். இருபது இடத்துக்கு ஒரு இடம் பார்த்தால் போதும். தன் மண்ணைத் தோண்டக்கூடாது என்ற விதி இதற்கு இல்லை. பதிவு வெடிக்காது. யார் சரிபார்த்தார் என்ற பெயரைத் தோண்டியவளுக்குச் சொல்வதில்லை. கலுந்தாவில் முடிந்த பகுதியை அங்கே யாரோ ஒருத்தி முன்பே சரிபார்த்திருந்தாள். இருபதுக்கு ஒன்றில் அகப்படவில்லை என்று யசிந்தா நினைத்திருந்தாள்.

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கையளிப்பு” என்றார் மிஸ். “பந்தல்காரன் நாளைக்கு வாறான். நாப்பத்திரண்டு குடும்பம் இண்டைக்கே சட்டி பானை கட்டுதுகள். உங்கட மகள் நூல்கட்டையோட போய் நிக்கிறாளாம்.”

மகள் டிலானிக்கு இருபத்தாறு வயது. வெள்ளைக்கண்டலில் ஒருநாளும் இருந்ததில்லை. தகப்பனையும் கண்டதில்லை. தாய் சொன்னதைக் கேட்டுக் கேட்டு வீட்டுப் படம் கீறி வைத்திருந்தாள். குசினி கிணற்றடிப் பக்கம் வரவேண்டும். தண்ணீருக்கு நடக்கத் தேவையில்லை.

யசிந்தா முதலில் உலோகப் பட்டியலைப் பார்த்தாள். எடுத்த உலோகம் எல்லாம், தோண்டிய வரிசையான லேனின் எண்ணோடு பட்டியலில் இருக்கும். மிதிவெடி பதின்மூன்று. ஷெல் துண்டுகள். ஆணிகள், கதவுக் கொளுக்கி, சைக்கிள் செயின். பதினாலாம் லேன், கிணற்றிலிருந்து ஆறு மீற்றர்: மணி, சிறியது, பித்தளை.

மணி தனிப் பையில் இருந்தது. அவள் அதை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நாக்கு இல்லை. விளிம்பில் ஒரு நசுங்கல். மாடு வேலியில் இடித்த நசுங்கல். வேலியும் தெரியும்.

சண்டையின் கடைசிப் பங்குனி மாதத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டார்கள். இரண்டு கட்டை தூரம் நடந்த பிறகு அவள் புருஷன் சவிரியான் நின்றான். மாடு கட்டினபடி நிக்குது என்றான். யசிந்தாவின் வயிற்றில் அப்போது ஆறு மாதம். விடுங்கோ என்றாள். அவன் கேட்கவில்லை. கட்டின மாட்டை விட்டுட்டுப் போறது பாவம், அவிட்டு விட்டுட்டு ஓடி வாறன், நீ நடந்துகொண்டிரு. அவள் நடந்துகொண்டிருந்தாள்.

அவிழ்த்துவிடும்போது மணியையும் கழற்றியிருப்பான். சத்தம் கேட்கக்கூடாது என்று. அவன் அப்படி யோசிக்கிறவன்.

கையுறையைப் போட்டாள். பதினாலாம் லேனை ஓட விட்டாள்.

தன் விரல்கள் தானாக அசைவது எப்போதும் ஒரு மாதிரியாக இருக்கும். டொமிங்காஸின் கை நிதானமானது. பக்கவாட்டில் வந்தது. மண் காய்ந்திருந்தது. மோதிர விரல் பாதியில் ஓய்ந்து கிடந்தது. நண்டிலும் அந்த விரல் அசையாது. கை மணியைத் தொட்டது. சுற்றித் தோண்டியது. தூக்கியது.

மணி சும்மா வரவில்லை. எதற்குள்ளோ இருந்தது. மெல்லிய, சின்னச் சின்னக் குச்சிகள். அவை விரல் நுனியை இலேசாகப் பிடித்தன.

கை நின்றுவிட்டது. பதிவின் நேரம் மட்டும் ஓடியது. நாற்பது விநாடி.

பிறகு கை மணியை எடுத்துவிட்டு மண்ணைத் திரும்பத் தள்ளியது. நிரவியது. மறுபடி நின்றது. ஒரு பிடி மண் எடுத்துப் போட்டது. தட்டியது. இரண்டாவது பிடி. தட்டியது. மூன்றாவது பிடியில், பாதி விரலின் இடைவெளியால் மண் ஒழுகுவது யசிந்தாவின் கையில் தெரிந்தது. தட்டியது.

யசிந்தா கையுறையைக் கழற்றவில்லை. பக்கத்துக் கதிரையிலிருந்து சுபோ பார்த்தாள்.

“என்ன அக்கா, வேர்வை கொட்டுது. ஏசி போட்டிருக்கு.”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாததுக்கு ஆர் இப்பிடி வேர்க்கிறது?” என்றாள் சுபோ. ஆனால் மேலே கேட்கவில்லை.

*

பின்னேரம் மிஸ் வந்தபோது பத்திரம் அப்படியே கிடந்தது. பேனை இல்லாவிட்டால் தன்னுடையதைத் தருவதாகச் சொல்லி, சட்டையில் குத்தியிருந்த பேனையை எடுத்துப் பத்திரத்தின் மேல் வைத்தார்.

பதினாலாம் லேனை நீங்களும் ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ மிஸ் என்றாள் யசிந்தா.

மிஸ் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்பு கணிதம் படிப்பித்தவர். விடை தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார்.

“ஒன்பது வருசமா இந்தச் சங்கத்தை நடத்துறன், பிள்ளை. ஒருநாளும் நான் கையுறை போட்டதில்லை. ஏன் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை.”

யசிந்தா கேட்கவில்லை.

மிஸ் எழுந்துபோன பிறகு அவள் கணக்கைப் பார்த்தாள். பதினாலாம் லேனுக்குச் சிவப்புத் தடி ஊன்றினால் வெள்ளைக்கண்டல் பனிச்சையடி ஆகும். நாற்பத்திரண்டு குடும்பமும் தெருவுக்கு வரும். டிலானியும். டொமிங்காஸின் பதிவுகளை எல்லாம் தோண்டுவார்கள், பிறகு யசிந்தாவினதை. கலுந்தாவில் நிற்கிற மரவள்ளியைப் பிடுங்கி நாடா கட்டுவார்கள். இதெல்லாம் நடந்த பிறகு சவிரியான் ஒரு பெட்டிக்குள் போவான். பெயர் வருமோ தெரியாது.

வெள்ளைத் தடியாகவே விட்டால் குசினி வரும்.

வீட்டில் டிலானி படத்தை விரித்து வைத்திருந்தாள். அம்மா, கிணத்தில இருந்து அடுப்பு எத்தினை மீற்றர் வந்தால் காணும் என்று கேட்டாள். யசிந்தா யோசிக்காமல் பத்து என்றாள். ஏன் அவ்வளவு தூரம் என்றாள் மகள். ஆறு காணும்.

*

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு உள்ளங்கைகள் சேர்ந்தன. பச்சை விளக்கு எரிந்தது. இந்தமுறை யசிந்தா கையை எடுக்கவில்லை.

“பதினாலாம் லேன்” என்றாள்.

டொமிங்காஸின் கை அசையவில்லை. பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. சுபோ தேத்தண்ணி ஊற்றப் போயிருந்தாள், அல்லது போய்விடுவது நல்லது என்று போயிருந்தாள்.

“கிணத்தடி” என்றாள் டொமிங்காஸ்.

“ஓம். அது மாடோ?”

“இல்லை.”

 அது தன்னுடைய வளவு என்றாள் யசிந்தா. டொமிங்காஸுக்கு அது தெரியாது. இடங்களுக்கு எண்கள்தான் உண்டு, ஆட்களின் பெயர்கள் இல்லை.

“ஏன் மூடினாய்?”

“நாடாவுக்கு வெளியில சனம் நிண்டது. ஒவ்வொரு நாளும் நிண்டது. ஒரு பெட்டை நூலைப் பிடிச்சுக்கொண்டு காத்தில நிலம் அளந்துகொண்டிருந்தாள். உள்ளுக்கு வரேலாது, அதால வெளியில நிண்டு அளந்தாள்.”

“அவள் என்ர மகள்.”

இயந்திரத்தில் மூச்சு மட்டும் கேட்டது. மூச்சை அது மாற்றுவதில்லை.

“உங்கட ஊர் முழுக்க ஆறு பேர்” என்றாள் டொமிங்காஸ். “ஆறு பேரையும் ஒரே மாதிரித்தான் மூடினனான்.”

“மூண்டு பிடி மண் போட உனக்கு ஆர் சொல்லித் தந்தது?”

“நீதான்.”

யசிந்தாவுக்கு விளங்குவதற்கு ஒரு கணம் சென்றது.

கலுந்தாவைச் சரிபார்த்தது டொமிங்காஸ். இருபதுக்கு ஒன்று அல்ல, எல்லா இடத்தையும். தன் ஊர், அதனால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் இருந்து தொட்டுப் பார்த்தாள். மூன்று வாரம் எடுத்தது. முதலாவது இடத்தில் வேர் என்று எழுதியிருந்தது. அது வேர் இல்லை என்று அவளுடைய விரலுக்கும் தெரியும். பிறகு அந்த மூன்று பிடி. ஒரு மிதிவெடியை எடுத்த குழிக்குக்கூட யசிந்தா அப்படிச் செய்யவில்லை, இந்தப் பதினொன்றுக்கு மட்டும்தான்.

“செத்தவைக்கு உங்கட ஊரில அப்பிடித்தான் செய்வீங்கள் எண்டு விளங்கிச்சுது” என்றாள் டொமிங்காஸ். “எங்கட ஆக்களை உன்ர ஆக்கள் மாதிரி மூடியிருக்கிறாய். அதால உன்ர ஆக்களை நானும் அப்பிடியே மூடினனான். வேற எப்பிடிச் செய்யிறது எண்டு எனக்குத் தெரியேல்ல.”

“நாலாவது” என்றாள் யசிந்தா.

“டயர் அடி.”

“ஓம்.”

“நான் ரெண்டு மாதத்துக்கு முன்னம் சப்பாத்தைப் பற்றி ஏன் சொன்னனான் எண்டு நினைச்சாய்?”

நூறுபேர் போட்டிருப்பார்கள் என்ற கணக்கு இனி யசிந்தாவுக்கு உதவாது.

“நான் ஒண்டும் சொல்லேல்ல” என்றாள்.

“நீ சொல்லேல்ல. நான் பாத்துக்கொண்டிருந்தனான். ஓய்வு முடியுது, மணி அடிக்குது, நீ கையுறையை இறுக்கிறாய். இஞ்ச தெரியும், அந்தப் பட்டி இறுகிறது. ஒரு கிழமை உன்ர கையைத் தொட எனக்குப் பிடிக்கேல்ல. அது உனக்குத் தெரிஞ்சிருக்காது. அழுத்தம் சரியாத்தான் இருந்தது.”

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அங்கே வெயில் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். விரல்களில் குளிர் குறைந்தது.

பிறகு என்ன செய்தாய் என்று யசிந்தா கேட்டாள்.

டொமிங்காஸ் அந்த இடத்துக்குப் போயிருக்கிறாள். நடந்து. நாடாவை எடுத்துவிட்டார்கள், யாரும் போகலாம். நாலாவது இடத்தில் அவளுடைய தங்கை மரவள்ளி நட்டிருந்தாள். தங்கைக்கு ஒன்றும் தெரியாது. அக்கா, இந்த மூலையில்தான் நல்லா வருது என்று கிழங்கு ஒன்றைக் கிண்டிக் காட்டினாள். டொமிங்காஸ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவித்துச் சாப்பிட்டாள்.

சுபோ இரண்டு கோப்பையோடு வாசலுக்கு வந்தாள். யசிந்தாவின் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றாள்.

மேசையில் பத்திரம் கிடந்தது. அதன்மேல் மிஸ்ஸின் பேனை. பக்கத்தில் நாக்கில்லாத மணி.

டொமிங்காஸின் கை, பாதி விரலோடு, யசிந்தாவின் கையை அழுத்திப் பிடித்தது. சரிபார்ப்புக்குத் தேவையானதைவிடக் கூட.

“எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் என்ர ஊருக்கு நான் கையெழுத்துப் போட்டனான், யசிந்தா. நீ போடுவியோ?”